முதலில் தங்கை பிள்ளைகள், இப்போது தம்பி

அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் அடிமை சாலி ஹெமிங்ஸ் பெற்ற பிள்ளைகளுக்கு ஜெஃபர்சன் தகப்பன் அல்ல, அவருடைய தம்பி ராண்டால்ஃபாகத்தான் இருக்க வேண்டும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 2001இல் பதின்மூன்று அறிஞர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஜெஃபர்சனைத் தகப்பனாக ஏற்க மறுத்தார்கள். அன்றிலிருந்து அந்த அறிக்கையைக் காட்டியே வாயடைக்கப் பார்க்கிறார்கள். எத்தனை பேராசிரியர்கள் கையெழுத்திட்டிருந்தாலும் இதை வம்சாவளி ஆய்வு என்று ஏற்க முடியாது. முடிவை முதலில் எழுதிவைத்துவிட்டு, அதற்குப் பொருந்த ஆள் தேடியிருக்கிறார்கள்.

ராண்டால்ஃப் இந்தக் கதைக்குள் எப்படி வந்தார் என்று பார்த்தாலே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் கைகாட்டியது அவரை அல்ல. ஜெஃபர்சனுடைய தங்கையின் பிள்ளைகளான கார் சகோதரர்களை. அதிலும் பேரன் பீட்டர் கார் என்றார், பேத்தி சாமுவேல் கார் என்றார். ஒரே வீட்டில் வளர்ந்த இருவர் இரண்டு வேறு ஆட்களைச் சொன்னதை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய வரலாற்றாசிரியர்கள் சாட்சியமாக ஏற்றார்கள்.

1998 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் மரபணுச் சோதனை முடிவு வந்தது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வழிவந்தவரிடம் இருந்தது ஜெஃபர்சன் குடும்பத்தின் குரோமோசோம். கார் குடும்பத்தினுடையது பொருந்தவே இல்லை. குடும்பம் காலங்காலமாகச் சொல்லிவந்தது, எஸ்டனைப் பொறுத்தவரை, அன்றே பொய்த்துப்போனது. நேர்மையான ஆய்வாளர் அந்த இடத்தில் பேரப்பிள்ளைகளின் சாட்சியத்தையே மறுபரிசீலனை செய்திருப்பார். ஜெஃபர்சனுக்காக வாதிட்டவர்களோ சாட்சியத்தின் மதிப்பைக் குறைக்காமல் ஆளை மட்டும் மாற்றினார்கள். அதுவரை யாரும் பொருட்படுத்தாத தம்பி திடீரென்று முதல் சந்தேக நபர் ஆனார்.

அவருக்கு எதிராக இருக்கும் ஆதாரம் என்ன? 1807 ஆகஸ்டில் அண்ணன் எழுதிய ஓர் அழைப்புக் கடிதம். எஸ்டன் பிறந்தது 1808 மே. ராண்டால்ஃப் அப்போது ஜெஃபர்சனின் பண்ணையான மாண்டிசெல்லோவுக்கு வந்தார் என்று காட்ட ஒரு வரிகூட இல்லை. ஜெஃபர்சனோ அங்கேயே இருந்தார். இந்தப் பிள்ளை என்றில்லை. பதிவாகியிருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு அவர் வீட்டில் இருந்திருக்கிறார். அரசுப் பணியில் மாதக்கணக்கில் வெளியூரில் இருந்த மனிதரைப் பற்றிய கணக்கு இது. அவர் இல்லாத காலத்தில் சாலி ஒருமுறையும் கருவுற்றதாகத் தெரியவில்லை.

மரபணு தாமஸ் ஜெஃபர்சனைத் தனியாக அடையாளம் காட்டாது என்பது உண்மைதான். பங்காளிகள் எல்லோருக்கும் அதே குரோமோசோம்தான். ஆனால் எந்த வம்சாவளியும் ஒற்றைச் சான்றில் நிற்பதில்லை. ஜெஃபர்சனுக்கு மனைவி வழியில் மகன் யாரும் உயிரோடு வளரவில்லை என்பதால் சோதனைக்கான மாதிரியே அவருடைய தந்தையின் சகோதரரான ஃபீல்டு ஜெஃபர்சனின் வழிவந்தவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. அந்த வெள்ளைக் கிளையின் உறவை வெறும் காகிதத்தை நம்பி ஏற்றவர்கள், ஹெமிங்ஸ் கிளையிடம் மட்டும் ஐயத்துக்கு இடமே இல்லாத நிரூபணம் கேட்கிறார்கள்.

காகிதம் யார் கையில் இருந்தது? தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662இலேயே சட்டம் செய்துவிட்டது. தகப்பன் பெயரை எழுத வேண்டிய அவசியமே எஜமானருக்கு இல்லை. ஜெஃபர்சன் தன் பண்ணைக் கணக்கேட்டில் சாலியின் பிள்ளைகளைத் தன் கையால் பதிந்தார்; தகப்பன் யார் என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டவரின் மௌனத்தையே அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சான்றாக்குவது அநியாயம்.

சாலியின் மகன் மாடிசன் ஹெமிங்ஸ் 1873இல் ஒஹையோ பத்திரிகை ஒன்றில் தன் தகப்பன் ஜெஃபர்சன் என்று தெளிவாகச் சொன்னார். பத்திரிகை ஆசிரியர் அரசியல் நோக்கத்தோடு எழுதவைத்தது என்று அதை ஒதுக்கினார்கள். பேரன் சொன்னதோ, கேட்ட ஒருவர் ஆண்டுகள் கழித்து 1868இல் இன்னொருவருக்கு எழுதிய கடிதத்தில்தான் நமக்குக் கிடைக்கிறது. அது மட்டும் எப்படி உயர்ந்த சாட்சியம் ஆயிற்று? 1997இலேயே, மரபணு முடிவு வருமுன்பே, வரலாற்றாசிரியர் அனெட் கோர்டன்-ரீட் இந்த இரட்டை அளவுகோலை ஒரு முழு நூலில் வெளிக்கொணர்ந்தார். அதற்கு உருப்படியான பதில் 2001 அறிக்கையிலும் இல்லை.

சாலி, ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவின் தகப்பனுக்குப் பிறந்த மகள். அதாவது ஜெஃபர்சனுக்குக் கொழுந்தியாள். அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் உயிலில் விடுவித்தது ஐந்து பேரை. அதில் மாடிசனும் எஸ்டனும் இருந்தார்கள். மூத்தவர்கள் இருவரும் முன்பே போக அனுமதிக்கப்பட்டிருந்தார்கள். 1827 ஜனவரியில் மற்ற குடும்பங்கள் ஏலத்தில் சிதறியபோது சாலியின் பிள்ளைகளில் யாரும் ஏலத்துக்கு வரவில்லை. தம்பியின் பிள்ளைகளுக்காக அண்ணன் இதைச் செய்தார் என்று நம்பச் சொல்கிறவர்கள், ராண்டால்ஃப் அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு துரும்பை அசைத்ததற்காவது ஆதாரம் காட்டட்டும்.

2002இல் மாண்டிசெல்லோ குடும்பக் கல்லறையை நிர்வகிக்கும் சங்கம், ஹெமிங்ஸ் வழிவந்தவர்களை உறுப்பினராகச் சேர்க்க மறுத்து வாக்களித்தது. அங்கே அடக்கம் செய்யப்படும் உரிமை அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களுக்குத்தான். ராண்டால்ஃப் என்ற பெயர் தேவைப்பட்டது இந்த வாசலை அடைத்துவைக்கத்தான்.