குப்பைக்கு எடை போட்டால் யாருக்கு லாபம்?

ரேஷன் கடையில் அரிசி 100 கிராம் குறைந்தால் சும்மா விடுகிறோமா? கடைக்காரரைக் கேள்வி கேட்டே துளைத்து விடுகிறோம். ஆனால் குப்பை லாரி எடை மேடை ஏறும்போது எடை கூடினால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. அந்த பில்லுக்குப் போவதும் நம்ம வரிப் பணம்தான்!

வீட்டுக் குப்பை வாருவதைக் காண்டிராக்டுக்கு விடும் பேச்சு இப்போது எந்த நகரசபைக்கும் புதிதல்ல. தீர்மானம் வந்தால் "எத்தனை கோடி?" என்று கேட்பார்கள். "எந்த வேலைக்கு அந்தக் கோடி?" என்று கேட்பவர் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

சென்னை படித்த பாடம்

2000-ம் ஆண்டில் சென்னை மாநகராட்சி 3 மண்டலங்களின் குப்பையை ஓனிக்ஸ் கம்பெனியிடம் ஒப்படைத்தது. பணம் டன் கணக்கில். எவ்வளவு எடையோ அவ்வளவு பில்! இடித்த கட்டடத்தின் செங்கல்லும் மண்ணும் கூட லாரியில் ஏறுகிறது என்று அப்போதே புகார் கிளம்பியது. எடைக்குத்தான் காசு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஓனிக்ஸ் போய் 2007-ல் நீல் மெட்டல் பனால்கா வந்தது. அப்புறம் ராம்கி. 2020-ல் உர்பேசர் சுமீத். இந்தக் கடைசி ஒப்பந்தத்தில்தான் எடையை விட்டுவிட்டு, வேலை எப்படி நடக்கிறது என்று மார்க் போட்டுப் பணம் தரும் முறைக்கு வந்தார்கள். புத்தி வர 20 வருஷம்!

அதோடு முடிந்ததா? இல்லை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 1-ந் தேதி முதல் துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். கையில் வாங்கும் சம்பளம் ஆயிரக்கணக்கில் குறையும் என்பது அவர்கள் புகார். 13-ந் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து எல்லோரையும் கைது செய்து வேனில் ஏற்றியது. காண்டிராக்டில் காசு மிச்சம் என்கிறார்களே, அந்த மிச்சம் யார் வயிற்றிலிருந்து வருகிறது?

பலாத்தோலும் பாட்டிலும்

இனி நம்ம ஊருக்கு வருவோம். நெய்வேலி டவுன்ஷிப்பில் ரோடும் குப்பையும் என்.எல்.சி. நிர்வாகத்தின் பொறுப்பு. திருவதிகை அப்படி இல்லை. பண்ருட்டி நகராட்சிக்குள் வருகிறது. நம்ம குப்பைக்கு நம்ம கவுன்சிலர்தான் கை தூக்க வேண்டும்.

பலா சீசனில் தெருவைப் பாருங்கள். ஒரு பழத்தில் பாதிக்கு மேல் தோலும் சடையும்தான். ஈரம், நல்ல கனம். காலி தண்ணீர் பாட்டிலோ 40, 50 சேர்ந்தால்தான் ஒரு கிலோ. டன்னுக்குக் காசு என்றால் காண்டிராக்டர் எதை அள்ளுவார்? இரண்டையும் கலந்து கட்டி லாரியில் தள்ளுவார். எருவாக வேண்டிய தோலும் கெட்டது, கடையில் விலை போகும் பாட்டிலும் கெட்டது.

வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி மத்திய அரசு 2016-லேயே விதி போட்டது. பெண்கள் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். அதே வண்டியில் இரண்டும் ஒன்றாகக் கொட்டப்பட்டால் மறுநாள் யார் பிரிப்பார்கள்?

பூனாவில் முடிந்தது

வேறு வழி இல்லையா? இருக்கிறது. பூனாவில் தெருவில் காகிதம் பொறுக்கியவர்களே 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பாகச் சேர்ந்தார்கள். 2008-ல் மாநகராட்சி அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. வீட்டுக்கு வீடு போய் வாங்குகிறார்கள். வீட்டுக்காரர் மாதம் ஒரு சிறு தொகை தருகிறார். பாட்டில், அட்டை விற்ற காசு தொழிலாளிக்கே! பிரித்தால்தான் வருமானம் என்பதால், பிரிக்கச் சொல்லி அவர்களை யாரும் விரட்ட வேண்டியதில்லை.

இங்கேயும் காண்டிராக்ட் விடுவதானால் மூன்று நிபந்தனை போடுங்கள். ஒன்று, பணம் எடைக்கு அல்ல, பிரித்து வாங்கிய வீட்டுக் கணக்குக்கு. போகாத வீட்டுக்கும் பில் போடுவார்கள் என்கிறீர்களா? வீட்டுக்கு ஒரு அட்டை வைத்து வீட்டுக்காரரே கையெழுத்துப் போடட்டும். இரண்டு, விற்ற காசு தொழிலாளிக்கு. மூன்று, சம்பளமும் பி.எப்.பும் மாதாமாதம் பேங்கில் ஏறிய ரசீதைக் காட்டினால்தான் அடுத்த பில்.

வீரட்டானேசுவரர் கோவிலைத் தினமும் கூட்டிப் பெருக்கி மெழுகியவர் திலகவதியார். தம்பி அப்பர் சுவாமிகள் கையில் ஏந்தியது உழவாரப் படை. கூட்டுகிற கையைக் கும்பிடுகிற ஊர் இது. அந்தக் கைக்குக் கூலியைக் குறைத்து, பலாத்தோலுக்கு எடைக்கு எடை பணம் கொடுத்தால் எந்த ஊர் நியாயம்?

கவுன்சிலர்களே! கை தூக்குவதற்கு முன் டெண்டர் தாளில் ஒரே ஒரு வார்த்தையைத் தேடுங்கள். 'டன்' என்று இருந்தால் கையைக் கீழே போடுங்கள்!