நடுகல்லும் பெயர்ப்பலகையும்

கருத்தாக்கக் கலைக் காட்சிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் இலக்கிய நண்பர்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது. அருங்காட்சியகங்கள் நிரம்பி வழியும் மேலைநாட்டார் அவற்றைக் கேள்வி கேட்கலாம். ஓர் ஓவியக்கூடம்கூட இல்லாத இண்டூரில் உட்கார்ந்துகொண்டு நமக்கு எதற்கு அந்த ஆடம்பரம் என்பார்கள். நியாயம்போல் ஒலிக்கும் இவ்வாதம் அடிப்படையிலேயே பிழையானது.

1917இல் மார்செல் துஷான் நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பிய சிறுநீர்க்கலம் மட்டுமே இவர்களுக்கு நினைவிருக்கிறது, அதுவும் ஒரு நகைச்சுவைத் துணுக்காக. புழக்கத்திலிருந்த பொருளை இடம்பெயர்த்துப் பீடத்தில் ஏற்றிப் பெயர் சூட்டினால் அது வேறொன்றாகிவிடுகிறது என்பதே அங்கு அம்பலமானது. துஷானை அறியாமலே நம் மாவட்டம் இதைக் கண்டிருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களைப் பாருங்கள். ஆநிரைப் பூசலில் பட்ட வீரனுக்காக நட்டு, படையலிட்டு வணங்கிய கற்கள் அவை. இன்று அங்கே அவை காட்சிப்பொருள்கள். பாதுகாத்தது தவறென்று சொல்லவில்லை. வயலிலேயே விட்டிருந்தால் சில கற்கள் துவைகல்லாகியிருக்கக்கூடும். ஆனால் கும்பிட வந்தவனைப் பார்வையாளனாக்கும் முடிவை எடுத்தவர் யார்? கருத்தாக்கக் கலை நிறுவனத்தை நோக்கிக் கேட்பது இதைத்தான். அகழ்வைப்பகம் உள்ள ஊருக்கு இக்கேள்வி எப்படி ஆடம்பரமாகும்?

மறுதரப்புக்கும் ஒரு வார்த்தை. 1971இல் ஹான்ஸ் ஹாக்கே நியூயார்க்கின் வீட்டுமனை உடைமைகளை ஆவணமாக்கிக் காட்சிக்கு வைக்க முனைந்தபோது, குகன்ஹைம் அருங்காட்சியகம் அக்காட்சியையே ரத்து செய்தது. எங்கே வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. துஷானின் கலமோ தொலைந்துபோய், 1964இல் செய்த அதன் பிரதிகள் பெரும் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. வசவையும் சேகரித்து வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் நிறுவனங்களுக்கு உண்டு. அழைப்பிதழ் பெற்ற சிலருக்காகக் குளிரூட்டிய கூடத்தில், ஆங்கிலக் குறிப்பேட்டின் துணையோடு நடத்தப்படும் 'நிறுவன விமர்சனம்' எவருக்கும் வலிக்காது. அதைக் கலகம் என்று விதந்தோதுவது கொஞ்சம் அதிகம்.

தமிழில் முன்னுதாரணம் இல்லையா என்றால், இருக்கிறது. சென்னையில் தேட வேண்டாம். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் புறம்' காட்சி நடந்தது. 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த கட்டடம் அது. ஓவியர் தா. சனாதனன் அங்கே வைத்தவை, குடாநாட்டு வீடுகளிலிருந்து திரட்டிய அன்றாடப் பொருள்கள். எதைப் பாதுகாக்க வேண்டும் என்ற தீர்ப்பு ஒருமுறையேனும் வீட்டாரின் கைக்கு வந்தது. 2011இல் வெளியான அவரது தோம்பு நூல் இன்னும் கூர்மையானது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. இடம்பெயர்ந்த 80 பேர் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்துகொடுத்த வரைபடங்களை, அலுவலகக் கோப்பு ஒன்றின் வடிவிலேயே அவர் தொகுத்தார். எந்த அரசும் பதியாத உடைமை, அரசின் கோப்பு வடிவத்திலேயே பதிவாயிற்று.

இண்டூரில் ஒரு காட்சி நடக்குமானால் அது இவ்வழியில் நடக்கட்டும். பள்ளித் தாழ்வாரம் போதும். சுற்றுவட்டார நடுகல் ஒவ்வொன்றின் நிழற்படத்துக்குக் கீழும் பெயர்ப்பலகையை வெறுமையாக விட்டுவைத்து, அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைக்கும் குடும்பத்தாரிடம் எழுதுகோலைக் கொடுக்கலாம். அவர்கள் எழுதுவதைத் திருத்தாமல் அகழ்வைப்பகம் தன் பதிவேட்டில் ஏற்குமா என்று அடுத்து கேட்போம்.