தலைப்பாகையும் தலையும்

“தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்று ஆறுதல் கொள்வது நம் வழக்கம். தலைப்பாகை அழகாயிருந்தால் போதும், தலை போனாலும் போகட்டும் என்கிறவர்களை என்ன சொல்ல? அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டக்காரர்களைத்தான் சொல்கிறேன்.

கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு அந்த ஆட்டம். ஆனால் பந்து தரையில் பட்டு எழும்புவதில்லை. மணிக்கு 90 மைலுக்கும் மேலான வேகத்தில் நேரே வரும். 1920 ஆகஸ்ட் 16-ஆம் தேதி நியூயார்க்கில், கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மனுக்கு அது பொட்டில் அடித்தது. ஓசையைக் கேட்டு, மட்டையில்தான் பட்டதென்று எண்ணிய கார்ல் மேஸ், உருண்டு வந்த பந்தை எடுத்து முதல் தளத்துக்கு வீசினாராம்! மறுநாள் விடியுமுன் சாப்மன் இறந்துபோனார். அவர் மனைவி அப்போது கர்ப்பிணி.

தலைக்கவசம் கட்டாயமானது எப்போது தெரியுமா? 1971-ல். அப்போதும் பழைய ஆட்டக்காரர்களுக்கு விலக்கு. பாப் மான்ட்கோமரி என்பவர் தொப்பிக்குள் ஒரு காப்புறையைச் செருகிக்கொண்டு 1979 வரை ஆடித் தீர்த்தார்.

2009-ல், 100 மைல் வேகப் பந்தையும் தாங்கும் புதுக்கவசம் வந்தது. ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஏன்? மண்டை பெருத்துத் தெரிகிறதாம்! தலையில் அடிபட்டு மீண்ட டேவிட் ரைட் அதை அணிந்து வந்தார். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். சில ஆட்டங்களோடு அவரும் பழைய கவசத்துக்கே திரும்பினார். புதியது கனம், சரியாகப் பொருந்தவில்லை என்ற குறையும் உண்டுதான். அதைத் திருத்தச் சொல்லியிருக்கலாமே, தள்ளுவானேன்?

“அவன் தலை, அவன் இஷ்டம், உனக்கென்ன ஐயா?” என்பார்கள். பத்துப் பேர் சிரிப்பார்களே என்று கழற்றி வைப்பதற்குப் பெயர் இஷ்டமா? பயம் ஐயா, சுத்தமான பயம்! சீறிவரும் பந்துக்கு அஞ்சாதவன் பக்கத்திலிருப்பவனின் சிரிப்புக்கு அஞ்சுகிறான். அதற்கு வீரம் என்று பெயரும் வைத்துக்கொள்கிறான்.

கடைசியில் ஆட்டக்காரர் சங்கமும் உடன்பட்டு, சற்றே இளைத்து வந்த புதுக்கவசம் 2013 முதல் கட்டாயமாயிற்று. எல்லாத் தலைகளும் ஒன்றுபோல் பெருத்தபின் யாரைப் பார்த்து யார் சிரிப்பது? சட்டம் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று அழுகிறவர்களுக்கு நான் சொல்வேன்: இந்தச் சட்டம் பறித்தது பிறர் சிரிப்பின் அதிகாரத்தை மட்டுமே. சிரித்தவன் எவனும் அடிபட்டவன் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போவதில்லை.