எஞ்சினுக்குத் திறன் ஏற்றலாமா?



கடற்கரை ஊர்ப் பள்ளி ஒன்றில் நான் இயற்பியல் கற்பித்து வருகிறேன். "திறன்" என்ற பாடத்தை முடித்த அன்று பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "சார், எங்க வள்ளத்து எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் பவர் ஏத்த முடியுமா? அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாடம் புத்தகத்தைவிட்டு இறங்கிக் கடலுக்குப் போகும் நேரம் அது அல்லவா? அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். எஞ்சினைத் திருகித் திறனைக் கூட்ட முயல்வது தவறு. ஏற்கெனவே இருக்கும் திறன் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்து மீட்பதே அறிவுடைமை. ஏன் என்று பார்ப்போம்.

படகின் உள்ளே பொருத்தப்பட்ட சிறிய டீசல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திறன் மூன்று அளவுகளைப் பொறுத்தது. முதலாவது, சிலிண்டரின் கொள்ளளவு. இரண்டாவது, எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளும் சராசரி அழுத்தம். மூன்றாவது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. கொள்ளளவை நாம் மாற்ற முடியாது. ஆகவே அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அல்லது சுற்றைக் கூட்ட வேண்டும்.

அழுத்தத்தைக் கூட்ட, டீசல் பம்பைத் திருகிக் கூடுதல் எண்ணெய் விடுவார்கள். ஆனால் 1 கிலோ டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். அது சுமார் 12 கன மீட்டர் இடத்தை அடைக்கும் காற்று! காற்று கூடாமல் எண்ணெய் மட்டும் கூடினால் என்ன ஆகும்? எரியாத கரி, கரும்புகையாக வெளியேறும். அந்தப் புகை திறனின் அடையாளம் என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை, அது காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் காற்றில் போவதன் அடையாளம். அதோடு வெப்பம் மிகுந்து, பிஸ்டன் விரிந்து, சிலிண்டரில் இறுகிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

சுற்றைக் கூட்ட, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் தளர்த்துவார்கள். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது அதன் உறுப்புகளில் ஏற்படும் விசை, சுற்றின் இருமடியாகப் பெருகும். சுற்று 10 சதவீதம் கூடினால் விசை 21 சதவீதம் கூடிவிடும். எஞ்சினைச் செய்தவர்கள் கவர்னருக்கு முத்திரை வைத்தது சும்மா அல்ல.

"டர்போ பொருத்தினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டே கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் இந்த வழிக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். இது மிகச் சிறந்த வழிதான். ஆனால் அந்த அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கும்படி முதலிலிருந்தே வடிவமைத்த எஞ்சினுக்கே அது பொருந்தும். பழைய எஞ்சினில் ஒட்டுப்போடும் வேலை அல்ல.

இனி, வீணாகும் திறனைத் தேடுவோம்.

முதலில் காற்று. பல வள்ளங்களில் எஞ்சினைப் பலகைப் பெட்டியால் மூடி வைத்திருப்பதைப் பார்க்கலாம். உள்ளே வெக்கை. 30 டிகிரியில் உள்ள காற்று 50 டிகிரிக்குச் சூடானால், அதே இடத்தில் அடங்கும் காற்றின் நிறை ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். பெட்டிக்கு நல்ல காற்றுத் துளைகள் வையுங்கள். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். புகைக்குழாயில் படிந்த கரியை அகற்றுங்கள். தேய்ந்த இன்ஜெக்டரைச் சோதித்துச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது படகின் அடிப்பகுதி. பாசியும் கொட்டலசும் ஒட்டிய படகு, சாக்கை இழுத்துக்கொண்டு நீந்துபவனைப் போன்றது. கரையேற்றிச் சுரண்டி வண்ணம் பூசினால், எஞ்சினைத் தொடாமலே வேகம் திரும்பி வரும்.

மூன்றாவது, புரொப்பெல்லர் என்னும் சுழல்விசிறி. எஞ்சின் தரும் திறனில் ஏறக்குறைய பாதிதான் படகைத் தள்ளப் பயன்படுகிறது. மீதி நீரைக் கலக்குவதில் போகிறது. இங்கே ஒரு சிறு கணக்கு. பின்னால் தள்ளப்படும் நீரின் உந்தம், நிறை × வேகம். அதற்குச் செலவாகும் ஆற்றலோ ½ × நிறை × வேகத்தின் இருமடி. இரு மடங்கு நீரைப் பாதி வேகத்தில் தள்ளினால் அதே உந்தம் கிடைக்கும். ஆற்றல் செலவோ பாதி! அதனால்தான் கியர் வைத்து மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி, வேகமாகச் சுழலும் சிறிய விசிறியை வெல்கிறது. விசிறி பொருத்தமானதா என்று அறிய எளிய சோதனை உண்டு. வழக்கமான பாரத்துடன் முழு விசையில் படகை ஓட்டுங்கள். எஞ்சினில் குறித்துள்ள சுற்றை எட்டாமல் திணறிக் கரும்புகை தள்ளினால் விசிறி எஞ்சினுக்குப் பெரிது. அல்லது படகின் அடியில் அழுக்கு மிகுதி. எளிதாக எட்டி மேலும் ஓடப் பார்த்தால் விசிறி சிறிது.

இவ்வளவும் செய்த பிறகும் "இன்னும் வேகம் வேண்டும்" என்றால்? கடல் குறுக்கே நிற்கும். படகு ஓடும்போது அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீண்டு படகின் நீளத்தையே எட்டிவிடும். அதன் பிறகு படகு தன் அலை மீதே ஏறப் பார்க்கிறது. 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் நீர்த்தொட்டி அமைத்து, மாதிரிப் படகுகளை இழுத்து, நீரின் தடையை அளந்தவர் வில்லியம் புரூட். பாரம் ஏற்றிய படகின் எல்லை வேகத்தை 'நாட்' கணக்கில் அறிய, நீர்மட்டத்தில் உள்ள நீளத்தின் (மீட்டரில்) இருமடி மூலத்தை ஏறத்தாழ 2.43 ஆல் பெருக்க வேண்டும். 9 மீட்டர் வள்ளத்துக்கு 7.3 நாட், அதாவது மணிக்கு 13.5 கிலோமீட்டர். அதற்கு மேல் எத்தனை குதிரைத்திறன் ஏற்றினாலும் பெரும்பகுதி அலைக்கே போகும்.

எல்லைக்குள்ளும் வேகம் மலிவானதல்ல. தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடியாக வளர்கிறது. 6 நாட் வேகத்துக்கு 10 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 7 நாட் வேகத்துக்கு 16 வேண்டும். 12 கடல் மைல் தொலைவில் மிச்சமாகும் நேரம் 17 நிமிடம். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குக் கால் லிட்டர் என்று கொண்டால், 5 லிட்டரில் முடியும் பயணத்துக்கு ஏறக்குறைய 7 லிட்டர் ஆகும். போக வர இரு மடங்கு. மாதக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

"முதலில் கரை சேரும் மீனுக்குத்தானே நல்ல விலை? காற்று கிளம்பினால் ஓடிவர வேண்டாமா?" என்று அந்த மாணவன் கேட்டான். நியாயம்தான். ஆனால் ஆபத்து நாளுக்கு வேண்டிய திறனை அன்றாடம் கசக்கிப் பிழிந்தால், அந்த நாளில் எஞ்சினில் மிச்சம் என்ன இருக்கும்? நான் அறிந்த வள்ளம் ஒன்றில் கவர்னர் முத்திரையை உடைத்தார்கள். முதல் மாதம் எல்லாரையும் முந்தியது. மூன்றாம் மாதம் நடுக்கடலில் பிஸ்டன் இறுகி நின்றது. நான்கு பேர் இரவெல்லாம் மிதந்தார்கள். விடியற்காலையில் வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. அன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது கூடுதல் திறன் அல்ல, ஓடுகிற எஞ்சின்.

உண்மையிலேயே பெரிய திறன் தேவை என்றால், அதற்கென்றே செய்த எஞ்சினை, பொருந்தும் தண்டு, கியர், விசிறியோடு வாங்குவதே நேர்வழி.

கடற்கரை மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டுப் புத்தகத்தில், படகு போன தொலைவு, ஆன நேரம், செலவான டீசல், புகையின் நிறம் ஆகியவற்றை ஒரு மாதம் குறித்து வாருங்கள். அடிப்பகுதியைச் சுத்தம் செய்தபின் மறுபடியும் குறியுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு அப்பாவிடம் காட்டுங்கள். ஆசிரியர் சொன்னால் கேட்காதவர்கூட டீசல் கணக்கைக் காட்டினால் கேட்பார்!