ஐம்பது வெள்ளி பாஸும் டெங்கில் பேருந்தும்

வியன்னா நகரம் 2012இல் ஆண்டுப் பயண அட்டையின் விலையை 365 யூரோவாகக் குறைத்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே டிராமோ பேருந்தோ அடிக்கடி வருவதால்தான் அந்த அட்டைக்கு மதிப்பு. மலேசியாவில் நம்மிடமும் மாதம் 50 வெள்ளிக்கு மை50 பயணப் பாஸ் இருக்கிறது. 2023 மார்ச்சிலிருந்து எம்ஆர்டி ரயில் புத்ராஜெயா சென்ட்ரல் வரை ஓடுகிறது. ஆனால் புத்ராஜெயா நகரைக் கட்டுவதற்காகத் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு அந்த நிலையமே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இது அநியாயம். அங்கே பேருந்து விட்டாலும் ஏற ஆளில்லை என்பார்கள். எப்போது வரும் என்று தெரியாத பேருந்தை நம்பி, காலை ஷிப்டுக்கு யார் கிளம்புவார்கள்? கடன்பட்டாவது மோட்டார் வாங்கத்தான் செய்வார்கள். கால் மணி நேரத்துக்கு ஒன்றென நிலையத்துக்கு இணைப்புப் பேருந்தை ஓராண்டாவது விடாமல் ஓட்டட்டும். ஆள் கணக்கை அதன் பிறகு பேசலாம்.