கணித ஆசிரியர் எழுதிய நாவல்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். தாய் ஒருவர் சேலைத் தலைப்பில் எதையோ மறைத்துக்கொண்டு வந்து நின்றார். கல்லூரியில் படிக்கும் மகனின் பையிலிருந்து எடுத்த புத்தகம். “சாமி, நாலு பக்கம் படித்தேன், உடம்பே கூசிவிட்டது. இதை அடுப்பில் போடவா, அவனிடமே கொடுக்கவா?” என்று கேட்டார். ஜி. நாகராஜன் எழுதிய ‘நாளை மற்றுமொரு நாளே’ என்ற நாவல் அது. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

திருச்சபை தன் தடைநூல் பட்டியலை 1966-ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டது. ஆனால் பட்டியல் மனத்தை விட்டுப் போக நாளாகும் அல்லவா? அந்த நூலை மூன்று நாள் மேசையில் கவிழ்த்தே வைத்திருந்தேன்.

நாகராஜன் 1929-இல் நம் மதுரையில் பிறந்தவர். கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். கல்லூரிகளிலும் டுடோரியல்களிலும் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கற்பிப்பதில் வல்லவர் என்று பெயரெடுத்தார். பொதுவுடைமைக் கட்சியில் சில காலம் உழைத்து, பின் விலகினார். அதன்பின் குடியும் கஞ்சாவும் அவரைப் பற்றிக்கொண்டன. மதிப்புள்ளோர் பகலில் நுழையக் கூசும் முடுக்குகளில் அவர் காலம் கழிந்தது. அங்கே பார்த்துப் பழகிய மனிதரையே எழுதினார். 1963-இல் ‘குறத்தி முடுக்கு’. 1974-இல் இந்த நாவல். 1981 பிப்ரவரி 19 அன்று மதுரை அரசு மருத்துவமனையில், ஐம்பத்தொரு வயதில் இறந்தார். இத்தகைய வாழ்வைக் கண்டு மயங்கி, குடித்தால்தான் எழுத்து வரும் என்று எண்ணும் இளைஞர்கள் உண்டு. மதுரையில் குடித்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். இந்த நாவலை எழுதியவர் ஒருவரே. குடி அவருக்கு எழுத்தைக் கொடுக்கவில்லை. எழுதியிருக்கக்கூடிய பல நூல்களை அவரிடமிருந்து பறித்துக்கொண்டது என்பதே என் எண்ணம்.

நாவலில் ஒரே ஒரு நாள்தான் நடக்கிறது. கந்தன் என்பவன் விழிக்கிறான்; குடித்தால்தான் அவனால் எழுந்து நடமாட முடியும். தரகு, அடிதடி, திருட்டுத்தனம் இவையே அவன் பிழைப்பு. அவன் மனைவி மீனா விலைமகள். அந்தத் தாயின் உடம்பு கூசியதில் வியப்பில்லை, எனக்கும் கூசிற்று. ஆனால் நாற்பது பக்கம் சென்றபின் வேறொன்று என்னைத் தடுத்து நிறுத்தியது. தனக்குப் பின் மீனாவின் கதி என்னவாகும், அவளுக்கு ஏதேனும் ஒரு வழி செய்துவிட வேண்டுமே என்ற கவலை கந்தனை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதை அன்பு என்று அவன் சொல்லிக்கொள்வதில்லை. ஆசிரியரும் நம் கண்ணீரைக் கேட்பதில்லை. கந்தனை வீரனாக்கவும் இல்லை, புழுவாக்கவும் இல்லை. கணக்கு வழியைப் படிப்படியாக எழுதிவிட்டு, விடையை நம்மிடமே விட்டுவிடுகிறார். இப்படியெல்லாம் எழுதலாமா என்று கேட்பவரைக் காட்டிலும், இப்படியெல்லாம் நடக்கிறதே என்று வருந்துபவரையே அவர் வாசகராக விரும்பினார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அருளுக்கு ஒரு சன்னலேனும் திறந்திருக்கிறதா என்று அந்த நூல் முழுவதும் தேடினேன், எனக்குத் தென்படவில்லை. ஆயினும் பொய்யான சன்னலை வரைந்து காட்டாத நேர்மையை மதிக்கிறேன்.

நம் விவிலியம் மட்டும் இருட்டை மறைத்தா வைத்திருக்கிறது? தாவீது அரசன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனையும் போர்முனையில் சாகவிட்ட கதையை அது ஒளிக்கவில்லை. மத்தேயு நற்செய்தியாளர் ஆண்டவரின் வம்ச வரிசையிலேயே விலைமகளான இராகாபின் பெயரை எழுதிவைத்தார். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் நாம் அப்படி எழுதுவோமா?

நான் வாழும் அழகர்கோவில் பக்கத்தில், பதினெட்டாம்படிக் கருப்பரின் மூடிய கதவுக்கு முன்னே நின்று பொய்ச் சத்தியம் செய்ய எவரும் அஞ்சுவர். ஊரில் தீராத வழக்கையும் அங்கே கொண்டுவந்து சத்தியம் கேட்பதுண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் எங்களுக்கும் அத்தகைய கதவு ஒன்று உண்டு. அங்கே கேட்டதை நாங்கள் எழுத முடியாது. உயிர் போனாலும் சொல்ல முடியாது. அதனாலேயே, தான் கண்டதைச் சொல்லத் துணிந்த ஒருவரைப் படிக்கையில் எனக்குள் ஏதோ நடுங்கிற்று.

அந்த நடுக்கத்துக்கு வேறு காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நகரத்துப் பங்கு ஒன்றில் இருந்தேன். ஞாயிறுதோறும் ஒரு பெண் கோவிலின் பின்வாசலுக்கு வெளியே நிற்பாள். நற்கருணை வழங்கத் தொடங்கியதும் போய்விடுவாள். அவள் என்ன தொழில் செய்கிறாள் என்று ஒருவர் என் காதில் சொன்னார். நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவளிடம் போகவும் இல்லை. சமாரியப் பெண்ணைப் பற்றி அந்தத் தவக்காலத்தில் அருமையாகப் பிரசங்கம் செய்ததாகப் பலர் பாராட்டினார்கள். பிறகு ஒருநாள் முதல் அவள் வரவில்லை. மீனாவைப் பற்றிய பக்கங்களைப் படித்தபோது அவள் நினைவுக்கு வந்தாள். பெயர் நினைவுக்கு வரவில்லை; நான் கேட்டிருந்தால்தானே நினைவுக்கு வரும்?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024-இல் இலக்கிய வாசிப்பைப் பற்றி ஒரு மடல் எழுதினார்; குருத்துவப் பயிற்சியில் கதைக்கும் கவிதைக்கும் உரிய இடம் தரவேண்டும் என்றார். இளமையில் பள்ளி மாணவர்க்கு இலக்கியம் கற்பித்தவர் அவர். அம்மடலைப் படித்து, நல்ல மடல் என்று கோப்பில் வைத்திருந்தேன். அதற்கு உரை எழுத வேண்டிய வேலையை இந்தத் தாய் அல்லவா கொண்டுவந்து கொடுத்தார்!

போன ஞாயிறு அவர் மறுபடியும் வந்தார். “அடுப்பில் போட வேண்டாம். மகனிடம் கொடுங்கள், கொடுத்துவிட்டு, என்ன தோன்றிற்று என்று அவனிடம் கேளுங்கள்” என்றேன். அவர் சற்றுத் தயங்கி, “நானும் படிக்கலாமா, சாமி?” என்றார்.

இன்னும் ஒரு வாரம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். மீனா வரும் பக்கங்களை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டியிருக்கிறது.