மின்சார வேலியும் கொலைக் கம்பியும்

மின்சார வேலி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் ஜனங்களுக்கு நெஞ்சு துணுக்குறுகிறது. காரணமில்லாமலில்லை. 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தர்மபுரி ஜில்லா மாரண்டஹள்ளிக்கு அருகே, விளைநிலத்தைச் சுற்றிக் கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மூன்று யானைகள் மாண்டன. இத்தகைய கம்பிகளில் ஆடுமாடுகளும் மனிதரும்கூட மடிகின்றனர். ஆயினும், இக்கொலைக் கம்பிக்கும் பால்மாடு வளர்ப்போர் மேய்ச்சல் நிலத்தில் கட்டும் வேலிக்கும் ஒரே பெயர் வழங்குவது பெருந் தீங்காக முடிந்திருக்கிறது. ஒன்றுக்கு அஞ்சுவோர் மற்றொன்றையும் வெறுக்கின்றனர்.

வித்தியாசம் யாது? பால்மாட்டு வேலியில் மின்சாரம் இடைவிடாது ஓடுவதில்லை. அதற்கென அமைந்த கருவியொன்று ஏறக்குறைய வினாடிக்கு ஒரு தரம், கண்ணிமைக்கும் பொழுதினும் குறைந்த க்ஷணத்துக்கு, ஒரு துடிப்பை அனுப்புகிறது. அதன் அழுத்தம் சில ஆயிரம் வோல்ட், சக்தியோ சொற்பம். சுரீரென்று உறைக்கும், அடுத்த துடிப்பு வருமுன் மாடு விலகிக்கொள்ளும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். ஆனால் அது இடைவிடாது பாய்ந்து, தசைகளை இறுக்கி, தொட்டவரை விலகவொட்டாமற் செய்து, இருதயத்தை நிறுத்திவிடும். வோல்ட் கணக்கை மட்டும் பார்த்துப் பேசுவோர் இதை உணரவேண்டும்.

இவ்வேலியைப் பெரிதும் வளர்த்த தேசம் நியூஸீலாந்து. அங்கே ஹாமில்டன் பகுதியில் பில் காலகர் என்பவர் 1930-களில் இதில் முனைந்தார். புல்லும் களையும் கம்பியில் உராய்ந்தால் வேலி வலுவிழப்பது பெருங்குறையாயிருந்தது. 1962-ல் அங்குள்ள ருவாக்குரா ஆராய்ச்சி ஸ்தலத்தில் டக் பிலிப்ஸ் அதற்குப் பரிகாரம் கண்டார். அந்நாட்டார் ஒற்றைக் கம்பியால் மேய்ச்சலைத் துண்டு துண்டாகப் பிரிக்கின்றனர். ஒரு துண்டு மேய்ந்தானதும் கம்பியை மாற்றி, பசுக்களை அடுத்ததில் விடுகின்றனர். மேய்ந்த புல் மறுபடி தழைக்க அவகாசம் கிடைக்கிறது. மாட்டைச் சிறைவைப்பதன்று, புல்லைக் காப்பதே இதன் பெரும் பயன்.

இத்தத்துவம் நமக்குப் புதிதா? காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். ஆள் காவலின்றியே கால்நடைகள் மேய்கின்றன. கிளுவை அடர்ந்து வளர வருஷங்கள் வேண்டும். மின்கம்பியை ஒரே காலையில் இடம் மாற்றலாம். அதற்காகக் கிளுவையைப் பிடுங்கச் சொல்பவர் எவரேனும் உளராயின், அவருக்கு மாடும் தெரியாது, மண்ணும் தெரியாது என்போம். எல்லைக்குக் கிளுவையும் உட்பிரிவுக்கு மின்கம்பியும் இருப்பதே தகும். ஒன்றிரண்டு பசுக்களைக் கட்டுத்தறியில் வளர்ப்பவருக்கோ இது வேண்டுவதேயில்லை.

பசுவைத் துன்புறுத்தலாகாது என்பார் கூற்றை நாம் இகழவில்லை. ஆனால் முள்கம்பியில் மடி கிழிந்து நிற்கும் பசுவைக் கண்டவர் அவ்வாறு வாதிக்கமாட்டார். ஓரிரு முறை தொட்டறிந்த மாடு பின்னர்க் கம்பியை அணுகுவதில்லை. முள்கம்பியில் மட்டும் மின்சாரம் பாய்ச்சவே கூடாது; சிக்கிய பிராணி மீள வழியிராது.

காட்டோரத்து மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்த 2023-ல் தமிழ்நாடு சர்க்கார் விதிகள் வகுத்தனர். நல்ல காரியமே. ஆயினும் விதியைக் காகிதத்தில் அச்சிடுவதால் குடியானவருக்குக் கருவியின் இயல்பு விளங்கிவிடாது. பால் கூட்டுறவுச் சங்கங்கள் தரமான கருவிகளைத் தவணையில் கொடுக்க முன்வர வேண்டும். கால்நடை வைத்தியர்களும் மின்வாரியத்தாரும் கிராமத்துக்குச் சென்று, கட்டும் முறையை நேரிற் காட்டவேண்டும். முக்கியமாக, நம் கோடையில் மண் வறண்டுவிட்டால் நிலத்தொடர்பு குன்றி வேலி உறைக்காது. மாடு அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அப்போது ஆத்திரப்பட்டு, கருவியைக் கழற்றிவிட்டு வீட்டுக் கம்பியை நேராக இணைக்கத் தோன்றும். நிலத்தில் அடிக்கும் கம்பிகளை ஆழமாக இறக்கி, அவ்விடத்தை ஈரமாக வைத்துக்கொள்ளும்படி முதல் நாளிலேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.